புது வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்: கடன் கடிதமும் போன் மோசடியும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஹீவூட், கமுனிங், டோவன்பி என்று தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், வீடு வாங்குகிறார்கள். பல குடும்பங்களுக்கு வங்கிக் கடனில் வாங்கும் முதல் வீடு இதுதான். லயத்து வீட்டுக்குக் கடிதம் வந்தது அபூர்வம். கிராணி சொன்னால் விஷயம் முடிந்தது. சொந்த வீடு என்றதும் வங்கி, லாயர், காப்புறுதி, நில அலுவலகம், நகராண்மைக் கழகம் என்று இதுவரை கேள்விப்படாத இடங்களிலிருந்தெல்லாம் கடிதம் வருகிறது. மோசடிக்காரன் அந்தக் குவியலுக்குள்தான் தன் கடிதத்தையும் செருகுகிறான். நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சாவி வாங்கி இன்னும் குடிகூடப் போகவில்லை. என் பெயர், வீட்டு எண், எந்த வங்கியில் கடன் என்பதெல்லாம் போன் செய்தவனுக்கு எப்படித் தெரிந்தது?

நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி எந்த வீட்டு நிலத்தைப் பற்றியும் விவரம் எடுக்கலாம். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும், எந்த வங்கிக்கு அடமானம் என்பதும் இருக்கும். இது சட்டப்படியான வசதி. வீடு வாங்குகிறவருக்காக லாயரும் இதைத்தான் செய்கிறார். இதற்கு மேல் வீடமைப்புக் கண்காட்சியில் நீங்கள் நிரப்பிய பாரம், எங்கோ கசிந்த வாடிக்கையாளர் பட்டியல், சாவியோடு முகநூலில் போட்ட படம் என்று வேறு வழிகளும் உண்டு.

ஆகவே உங்கள் விவரம் அவனுக்குத் தெரிவதை வைத்து அவன் வங்கிக்காரன் என்று முடிவு செய்யாதீர்கள். அடையாள கார்டு எண்ணைக் கடைசி இலக்கம்வரை ஒப்பித்தாலும் சரி. போன் திரையில் தெரியும் எண்ணும் அப்படித்தான். வங்கியின் எண்ணையே காட்டும்படி செய்ய அவர்களால் முடியும்.

அப்படியானால் உண்மையான கடிதங்கள் எவை? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் கட்ட வேண்டியதையும் கட்டாமல் விட்டுவிடுவோமே?

சரியான கேள்வி. உண்மையாக வருவது எது என்று தெரிந்துவிட்டால் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது.

முதலில் வங்கியின் கடன் சலுகைக் கடிதம். நீங்கள் கையெழுத்துப் போட்டது. கடன் தொகை, வட்டி, எத்தனை ஆண்டு, கிளையின் முகவரி, போன் எண் எல்லாம் அதில் இருக்கும். இனி எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்தத் தாளில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். இதைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாலும் நல்லது.

மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடு என்றால், கட்டுமானம் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அவர் பணம் கோரிக் கடிதம் அனுப்புவார். அந்தத் தொகையை உங்கள் கடனிலிருந்து வங்கியே நேராக மேம்பாட்டாளருக்குக் கொடுத்துவிடும். விடுவித்த பணத்துக்கு உங்களிடம் வட்டி கேட்டுக் கடிதம் வரும். வீடு முடியும் முன்பே வட்டி கட்டச் சொல்கிறார்களே என்று பலர் மிரளுகிறார்கள். அது முறையான கடிதம், பயப்பட வேண்டாம். ஆனால் அதைக் கட்ட வேண்டிய இடம் உங்கள் கடன் கணக்கு மட்டும்தான்.

இரண்டு லாயர்கள் இருக்கலாம்: வாங்கல் விற்றல் ஒப்பந்தத்துக்கு ஒருவர், கடன் ஒப்பந்தத்துக்கு ஒருவர். இருவரிடமிருந்தும் கடிதம் வரும். கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கடன் தொகையில் 0.5 விழுக்காடு, லாயரின் பில்லில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கும்.

குடிபோன பிறகு நில வரி ஆண்டுக்கு ஒருமுறை வரும். பேராக்கில் மே 31க்குள் கட்ட வேண்டும். கதவு வரி, அதாவது மதிப்பீட்டு வரி, அரையாண்டுக்கு ஒருமுறை. பிப்ரவரி இறுதி, ஆகஸ்டு இறுதி அதன் கெடு. நம் ஊருக்கு இது கோலகங்சார் நகராண்மைக் கழகத்திலிருந்து வருகிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீருக்கான இண்டா வாட்டர் பில்கள் வரும். வீட்டுக்கான தீ காப்புறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். வங்கியிலிருந்து கடன் கணக்கு அறிக்கை வரும். பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த வரிசையில் இல்லாத கடிதம் என்றால் பணம் கட்டுவதற்கு முன் அந்த அலுவலகத்தின் முகப்புக்கே போய்க் கேளுங்கள். கடிதத்தில் கியூஆர் குறி மட்டும் பெரிதாக இருந்து, கணக்கு எண்ணோ பில் எண்ணோ இல்லை என்றால் அதை ஸ்கேன் செய்யவே செய்யாதீர்கள்.

“உங்கள் தவணை மூன்று மாதமாகப் பாக்கி. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்” என்று போன் வந்தது. அப்படி நடக்குமா?

நடக்காது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏலம் என்ற ஒரு சொல்லுக்குத்தான் நம் மக்கள் நடுங்கிப்போகிறார்கள்.

தவணை தவறினால் வங்கி முதலில் நினைவூட்டல் அனுப்பும். பிறகு லாயர் வழியாகக் கோரிக்கைக் கடிதம் வரும். தனி நிலப்பட்டா உள்ள வீடானால், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி 16டி என்ற பாரத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பில் பாக்கியைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் இருக்கும். அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்றத்திலோ நில நிர்வாகியிடமோ ஏல உத்தரவு கேட்டு வங்கி மனுச் செய்ய முடியும். அங்கே உங்களுக்கும் அழைப்பு வரும், பேசவும் வாய்ப்பு உண்டு. தனிப்பட்டா இன்னும் வராத வீடுகளில் வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். அப்போதும் கோரிக்கைக் கடிதம், ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் என்று எழுத்தில் வந்த பிறகே அது நடக்கும். காலையில் போன், மாலையில் ஏலம் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

உண்மையிலேயே தவணை பாக்கி இருந்தால் ஒளியாதீர்கள். ஒளிகிறவரைத்தான் மோசடிக்காரன் எளிதாகப் பிடிக்கிறான். அவருக்கு வங்கிக்குப் போகவும் கூச்சம், வீட்டில் சொல்லவும் கூச்சம். வங்கிக் கிளைக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் 2006இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவால் அமைக்கப்பட்டது. அங்கே ஆலோசனை இலவசம். ஏகேபிகே பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அவர் ஏகேபிகே ஆளே இல்லை.

போலீஸ் என்று சொல்லிப் பேசினார்கள். என் வீட்டுக் கடன் கணக்கு வழியாகக் கறுப்புப் பணம் போயிருக்கிறது, கைது ஆணை தயார் என்றார்கள்.

இதற்குத்தான் மக்காவ் மோசடி என்று பெயர். முதலில் ஒருவர் வங்கியிலிருந்து பேசுவார். உங்கள் பெயரில் இன்னொரு கடன் இருக்கிறது என்பார். நீங்கள் இல்லை என்றதும், “அப்படியென்றால் போலீஸில் புகார் கொடுங்கள், நானே லைனை மாற்றித் தருகிறேன்” என்பார். அங்கேதான் பிடி. மறுமுனையில் இன்ஸ்பெக்டர் வருவார், பின்னணியில் வாக்கி டாக்கி சத்தம் கேட்கும், வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரும் படமும் போட்ட கைது ஆணை வரும். கடைசியில், விசாரணை முடியும்வரை பணத்தைப் “பாதுகாப்புக் கணக்குக்கு” மாற்றச் சொல்வார்கள்.

போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ பேங்க் நெகாராவுக்கோ பொதுமக்கள் பணத்தைப் போட்டு வைக்க அப்படி ஒரு கணக்கே கிடையாது. வங்கியிலிருந்து போலீஸ் நிலையத்துக்கு லைனை மாற்றித் தரும் வழக்கமும் இல்லை. “யாரிடமும் சொல்லக்கூடாது, ரகசிய விசாரணை” என்று மிரட்டுகிற நிமிடமே போனை வைத்துவிட்டு நம் ஊர் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போங்கள். உண்மையில் உங்கள் மேல் வழக்கு இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

வட்டி குறைந்துவிட்டது, தவணையைக் குறைத்துத் தருகிறோம், அதற்கு 300 ரிங்கிட் நடைமுறைக் கட்டணம் என்று கடிதம் வந்தது.

ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டியைப் பேங்க் நெகாரா மாற்றும்போது, மாறும் வட்டிக் கடன்களின் தவணையும் மாறும். 2023 மே மாதம் அது 3.00 விழுக்காட்டுக்கு ஏறியது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. அப்போதெல்லாம் வங்கி தானாகவே கணக்குப் போட்டு உங்களுக்கு அறிவிக்கும். விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை.

குறைகிற அளவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் ரிங்கிட் கடன், 30 ஆண்டு, வட்டி 4.25இலிருந்து 4.00 விழுக்காட்டுக்கு இறங்கினால் மாதத் தவணை சுமார் 30 ரிங்கிட்தான் குறையும். “மாதம் 400 ரிங்கிட் குறைத்துத் தருகிறோம்” என்கிறவன் கணக்குத் தெரியாதவனையே தேடுகிறான்.

லாயர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதிப் பணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள்.”

போடாதீர்கள். எல்லா மோசடியிலும் பெரிய தொகை போவது இதில்தான் என்பது என் கவலை, ஏனென்றால் முன்பணத்தில் ஒரு பங்கு மொத்தமாக நகரும் நேரம் அது. மின்னஞ்சலுக்குள் புகுந்த திருடன், நீங்களும் லாயரும் பேசியதை எல்லாம் படித்துவிட்டு, சரியான நாளில் சரியான தொகையைக் கேட்பான். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்.

முதல் நாள் லாயர் கையில் கொடுத்த அட்டையில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, கோப்பைப் பார்க்கும் கிளார்க்கிடம் கேளுங்கள். ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டாலும் தகும். தனிமனிதர் பெயரில் உள்ள கணக்குக்கு லாயர் பணம் கேட்கவே மாட்டார். நிறுவனத்தின் பெயரில் வாடிக்கையாளர் கணக்கு என்று தனியாக இருக்கும். மேம்பாட்டாளருக்கும் அப்படித்தான், வீடமைப்பு மேம்பாட்டுக் கணக்கு என்று சட்டமே சொல்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே ‘புக்கிங்’ என்று மேம்பாட்டாளர் பணம் வாங்குவதற்கும் வீடமைப்புச் சட்டத்தின் விதிகளில் இடமில்லை.

போன் செய்த பெண் நல்ல தமிழில், “வணக்கம் அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று பேசினார். நம்ம பிள்ளைதானே என்று…

தமிழில் பேசுகிறவர்களை வைத்தே தமிழர்களைக் குறிவைக்கிறார்கள். மலாயில் வங்கிக் கடிதம் படிக்கத் தடுமாறுகிறவருக்குத் தமிழில் ஒரு குரல் கேட்டால் எவ்வளவு ஆறுதல் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்பாகப் பேசியதற்கு அன்பாகவே பதில் சொல்லுங்கள்: “சரிம்மா, நான் கிளைக்கே போய்ப் பேசிக்கிறேன்.” உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபப்பட மாட்டார். பொய்க்காரி உடனே அவசரப்படுத்துவாள், குரலும் மாறும்.

எம்ஆர்டிஏ காப்புறுதி முடியவில்லை, உடனே பணம் கட்டாவிட்டால் கடன் ரத்தாகும் என்று கடிதம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதி அது. பணம் முதலிலேயே கட்டப்பட்டிருக்கும், அல்லது கடனோடு சேர்க்கப்பட்டிருக்கும். சலுகைக் கடிதத்தைப் புரட்டினால் தெரியும். உறையில் வங்கியின் பெயர் பெரிதாக இருந்தாலும், கீழே பொடி எழுத்தில் சலுகைக் கடிதத்தில் இல்லாத வேறு ஏதோ நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது விளம்பரமாகவோ மோசடியாகவோ இருக்கலாம்.

சேமநிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுத்துத் தருகிறேன், 10 விழுக்காடு கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர்.

ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் மூன்று கணக்குகள். வீட்டுக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. வீடு வாங்க, கடனைக் குறைக்க, மாதத் தவணை கட்ட என்று தனித்தனி வழிகள் உண்டு, எதற்கும் கட்டணம் கிடையாது. ஐ-அக்காவுன் செயலியில் நீங்களே செய்யலாம். தெரியாதென்றால் ஈப்போ அலுவலகத்தில் முகப்பிலேயே உதவுவார்கள். இந்த ‘ஏஜெண்டு’களுக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தால் முப்பது வருடம் பால் வெட்டிய காசு ஒரு மத்தியானத்தில் போய்விடும். பொய்யான ஒப்பந்தம் காட்டிப் பணம் எடுத்துத் தருகிறவரும் உண்டு. அதில் குற்றவாளியாக நீங்களும் நிற்க வேண்டிவரும்.

கடன் அவசரமாக வேண்டும். வீட்டுப் பட்டாவை மட்டும் கொடுங்கள், கையெழுத்துப் போட்டால் நாளைக்கே பணம் என்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர் எல்லாரும் தங்கள் அப்பா அம்மாவிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வங்கிக் கடன் உள்ள வீட்டின் அசல் பட்டா வங்கியில் இருக்கும். அது ஒரு பாதுகாப்பு. ஆபத்து அதிகம் யாருக்கென்றால், கடனை அடைத்துப் பட்டாவைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு. மகன் புது வீட்டுக்கு முன்பணம் புரட்ட முடியாமல் தவிக்கிறான், அப்பா தன் மலிவு விலை வீட்டுப் பட்டாவை எடுத்துக் கொடுக்கிறார். “கடன் பத்திரம்” என்று நீட்டப்படும் தாள்களில் உண்மையில் என்ன இருக்கிறது? சில சமயம் வீட்டை விற்கும் ஒப்பந்தம், சில சமயம் உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட வழிவிடும் பகர அதிகாரப் பத்திரம், சில சமயம் தேதி போடாத 14ஏ பாரம்.

இரண்டு எண்களை மனதில் வையுங்கள். 16ஏ என்பது அடமானம் வைக்கும் பாரம். 14ஏ என்பது வீட்டையே பெயர் மாற்றிக் கொடுக்கும் பாரம். ஏற்கெனவே தன் பெயரில் உள்ள வீட்டை வைத்துக் கடன் வாங்குகிறவர் 14ஏ பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் போடக்கூடாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் லாயர் அவர்கள் கூட்டி வந்தவராக இருந்தால், உங்கள் லாயர் ஒருவர் படித்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அடமானத்தோடு கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காடு, அதுவே உச்சம். கடன் கைக்கு வரும் முன்பே ‘காப்புறுதி’, ‘முத்திரை’, ‘லாயர் செலவு’ என்று பணம் கேட்கிறவன் கடன் கொடுக்கப்போவதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? இன்றே போலீஸ் புகார் கொடுத்து, அந்த நகலோடு நில அலுவலகத்துக்குப் போய், வீட்டைப் பெயர் மாற்ற முடியாமல் தடுக்கும் பதிவாளர் தடையுரிமைக்கு மனுக் கொடுங்கள். மோசடியைத் தடுக்கப் பதிவாளருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. லாயருக்கு வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

சிசிரிஸில் பெயர் கெட்டிருக்கிறது, சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார்களே?

யாராலும் முடியாது. சிசிரிஸ் என்பது யார் எந்தக் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பேங்க் நெகாரா வைத்திருக்கும் பதிவு. கடந்த 12 மாதம் எப்படிக் கட்டினீர்கள் என்பதை அது காட்டும். ஒழுங்காகக் கட்டினால் தானாகவே நேராகும். உங்கள் அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம்.

வங்கியின் புதுச் செயலி என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினார்கள்.

ஏபிகே என்று முடியும் கோப்பைத் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைத் திருடன் படிப்பான், சில சமயம் போனையே இயக்குவான். வங்கிச் செயலியை அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் எடுங்கள். வங்கிகள் குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்புவதை நிறுத்திவிட்டன, ஆகவே லிங்க் வந்தாலே அது பொய். நீங்கள் செய்யாத பணமாற்றத்துக்கு அனுமதி கேட்டுச் செயலி ஒலித்தால், எவர் சொன்னாலும் ‘சரி’ என்று அழுத்தக் கூடாது.

நானும் கணவரும் பினாங்கில் வேலை. புது வீட்டில் அம்மா மட்டும்தான். போனை அவர்தான் எடுக்கிறார்.

அம்மாவைத் திட்டிப் பயமுறுத்துவதால் ஒரு பயனும் இல்லை. பயந்தவர் ஏமாந்த பிறகு மறைப்பார். “பணம், வங்கி, போலீஸ் என்ற பேச்சு வந்தால், மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிட்டு வச்சிடுங்கம்மா” என்ற ஒரே வாக்கியத்தைப் பழக்குங்கள். உங்கள் குரலைப் போலவே பேசி, விபத்து, உடனே பணம் என்று அழுகிற போன்களும் வரலாம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் வளர்த்த ஆட்டின் பெயரோ, தாத்தாவின் செல்லப்பெயரோ போதும்.

கடிதப் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். புதுத் தாமான்களில் பாதி வீட்டில் ஆள் இருக்காது, பெட்டியில் கடிதம் பிதுங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கடன் கணக்கு எண் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. பழைய அறிக்கைகளைக் குப்பையில் முழுதாகப் போடாதீர்கள்.

பணத்தை அனுப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

அழுவதற்கும் யோசிப்பதற்கும் பிறகு நேரம் இருக்கிறது. முதலில் உங்கள் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது செயலியில் கணக்கை முடக்கும் பொத்தானை அழுத்துங்கள். உடனே 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் பதில் மையத்தின் எண் இது. போலீசும் வங்கிகளும் சேர்ந்து, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் மறிக்கப் பார்ப்பார்கள். திருடர்கள் பணத்தை நிமிடக் கணக்கில் நகர்த்துகிறார்கள், அதனால் மாலையில் மகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு அன்றே போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, வந்த கடிதம், உறை எதையும் அழிக்காதீர்கள்.

வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் முடிவு திருப்தி இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையை அணுகலாம். 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. பொதுவான விளக்கங்களுக்குப் பேங்க் நெகாராவின் 1-300-88-5465.

பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எண்ணை முன்கூட்டியே சோதிக்க முடியுமா?

முடியும். போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டால், அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். நேற்றுத் திறந்த கணக்காக இருக்கலாம்.

அந்தக் கணக்குகள் யாருடையவை என்றும் கேளுங்கள். பல சமயம் 300, 500 ரிங்கிட்டுக்குத் தன் ஏடிஎம் கார்டைக் கொடுத்த ஓர் இளைஞனுடையது. 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தில் கணக்கை அப்படிக் கொடுப்பதே தனிக் குற்றம். உங்கள் வீட்டுப் பையனிடம் கார்டு அவனிடமே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இப்போது வேறொருவர் போன் செய்கிறார். கோப்புக் கட்டணம் 800 ரிங்கிட்டாம்.

அதே கும்பலாக இருக்கலாம், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடம் விலைக்கு வாங்கியவனாக இருக்கலாம். போலீஸும் 997 மையமும் வங்கியும் பணத்தை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை. அவனுடைய எண்ணையும், அவன் கொடுத்த கணக்கு எண்ணையும் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.